ஆண்டறிக்கை 2024–25: மீ கேரக்டர்களும் நம் ஆட்ட விதியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது சண்டை வீடியோ விளையாட்டுச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையை இப்பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனித் தாளில் கொடுத்திருக்கிறார். அதை இங்கே திரும்ப எழுதவில்லை. மாதக் கூடுகைகள் வழக்கம்போல அண்ணா நகர் மாடி அறையில் நடந்தன. சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் கூடவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் டிவியைத் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையத்தைத் தாண்டி வந்துவிடலாம் என்று நம்புகிறவர் நம் செயற்குழுவில் யாரும் இல்லை.

இந்த ஆண்டு சங்கத்தில் மிக அதிக நேரம் பிடித்தது ஒரே ஒரு விவகாரம். நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை விளையாட்டின் பந்தயத்தில் மீ கேரக்டர்களை, அதாவது ஆடுகிறவரே முகம் செய்து இறக்கும் ஆட்களை, அனுமதிப்பதா, எந்த அளவுக்கு அனுமதிப்பது என்பதுதான் அது. மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் புதிய உறுப்பினர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பல விளையாட்டுகளின் நாயகர்களை ஒரே களத்தில் இறக்குவதுதான் இந்த ஆட்டத்தின் அழகு. மாரியோ, லிங்க், பிகாச்சு, சோனிக், ரியு என்று பெயரும் கதையும் உள்ளவர்கள் வருகிற இடத்தில், ஆடுகிறவர் தன் முகத்தையோ பக்கத்து வீட்டு மாமா முகத்தையோ வரைந்து இறக்குவது பந்திக்கு அழைக்காத விருந்தாளி போல இருக்கிறது என்றார்கள். 2021 அக்டோபரில் சோரா வந்ததோடு மொத்தம் 89 கேரக்டர்கள் ஆயின. அதில் 51, 52, 53 ஆகிய மூன்று எண்களும் மீக்களுக்கு: கைச்சண்டைக்காரர், வாள்காரர், துப்பாக்கிக்காரர். அந்த மூன்று நாற்காலியை வேறு மூன்று நாயகர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் ஆதங்கம்.

இந்த வாதம் பாதிதான் நிற்கும். மீ யாரோ தெருவில் போகிறவர் அல்லர். 2006இல் நின்டெண்டோவின் வீ கன்சோலோடு வந்த உருவம் அது; டென்னிஸும் பௌலிங்கும் ஆடிய அந்தப் பொம்மை நின்டெண்டோவின் சொந்தப் பிள்ளை. நாயகர்களின் வரிசையில் உட்காரப் பிறப்புரிமை உண்டா என்று கேட்டால் உண்டு. ஆனால் பிறப்புரிமை இருப்பதாலேயே பந்தயத்தில் நியாயமாக ஆடுகிறது என்று ஆகிவிடாது. சங்கம் தீர்க்க வேண்டியிருந்தது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

உடை விவகாரத்தையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டோம். வேறு விளையாட்டுகளில் பெயர்பெற்ற இருவரில், 2019 செப்டம்பரில் சான்ஸ் உருவமும் 2020 ஜனவரியில் கப்ஹெட் உருவமும் மீ துப்பாக்கிக்காரருக்கு உடையாக விற்பனைக்கு வந்தன. 'அவரையே கேரக்டராகக் கொடுக்காமல் தொப்பியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்' என்ற கோபம் இன்னும் சிலருக்கு ஆறவில்லை. அழகர் பச்சைப் பட்டில் வந்தாலும் சிவப்புப் பட்டில் வந்தாலும் அழகர்தான். அதுபோல சான்ஸ் முகமூடி போட்டாலும் உள்ளே இருப்பது அதே துப்பாக்கிக்காரர். அடியும் வேகமும் மாறாது. உடையாக வந்துவிட்டால் கேரக்டராக வரும் வழி அடைபட்டுவிடும் என்பதும் சரியல்ல. இதே வரிசையில் முன்பு வந்த 2014 ஆட்டத்தில் மீ உடையாக இருந்த கிங் கே. ரூல், இசபெல், இங்க்லிங் மூவரும் 2018இல் முழு கேரக்டர்களாகவே வந்தார்கள். ஆகவே உடை பற்றி எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

உண்மையான சிக்கல் மூவ்களில், அதாவது பொத்தானை அழுத்தினால் கேரக்டர் செய்யும் அடிமுறைகளில், இருக்கிறது. ஒவ்வொரு மீக்கும் நான்கு சிறப்பு மூவ் இடங்கள்: பி பொத்தான் மட்டும், பியோடு பக்கம், பியோடு மேல், பியோடு கீழ். ஒவ்வோர் இடத்திலும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வரிசையிலேயே எண்ணைச் சேர்த்துச் சொல்வது உலகெங்கும் ஆடுகிறவர்களின் வழக்கம். 2332 என்றால் பி இரண்டாவது, பக்கம் மூன்றாவது, மேல் மூன்றாவது, கீழ் இரண்டாவது. மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81. மூன்று மீக்களுக்கும் சேர்த்து 243.

இந்த 243ஐக் காட்டித்தான் தடை கேட்டார்கள். அத்தனை கேரக்டர்களையும் யார் படிப்பது என்றார்கள். கணக்கு சரிதான், பயம்தான் தவறு. எதிரில் ஆடுகிறவர் படிக்க வேண்டியது கூட்டுகளை அல்ல, மூவ்களை. ஒரு மீக்கு 12 சிறப்பு மூவ், மூவருக்கும் 36. சாதாரண அடிகள் எந்த எண்ணிலும் மாறுவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆட்களும் இருக்கிறார்கள். போக்கிமான் டிரெய்னர் தன் மூன்று போக்கிமான்களையும் ஒரே ஆட்டத்தில் மாற்றி மாற்றி இறக்குகிறார். மாற்றும் மூவைச் சேர்த்தால் பத்து சிறப்பு மூவ். ஹீரோ என்றே பெயருள்ள கேரக்டரின் கீழ்-பி மந்திரப் பட்டியலில் 21 மந்திரங்கள், அதில் எந்த நான்கு வரும் என்று ஆடுகிறவருக்கே தெரியாது. அவர்களை யாரும் தடை செய்யச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு, தடை கேட்டவர்களின் சரியான புள்ளியும் அதுதான். டிரெய்னர் எந்தப் போக்கிமானோடு நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். ஹீரோவின் பட்டியல் திரையிலேயே விரியும். மீயிடம் என்ன இருக்கிறது என்பது முதல் அடி விழும்வரை எதிரிக்குத் தெரியாது. குறை மறைவில் இருக்கிறது, மாற்ற முடிவதில் இல்லை. இதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

'எல்லாருக்கும் 1111 மட்டும்' என்று ஒரு நடுவழியும் முன்மொழியப்பட்டது. பழைய ஆட்டத்தில் பல பந்தயங்களில் இருந்த வழக்கம் இது. செயற்குழு இதை ஏற்கவில்லை. முதல் எண்ணில் வைத்திருப்பதால் அது இயல்பான மூவ் ஆகிவிடாது. நான்கு இடங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. கைச்சண்டைக்காரரின் 2332ஐப் பாருங்கள். பக்க-பி மூன்றாவது சூப்ளெக்ஸ், கட்டிப்பிடித்து எறிவது. ஷீல்டு என்ற தடுப்பைப் போட்டு நின்றாலும் விடாது. மேல்-பி மூன்றாவது அப்பர்கட், நெருக்கத்தில் முடித்துக்கட்டும். ஆனால் களத்துக்கு வெளியே தள்ளப்பட்டால் திரும்பக் கரையேற அதிக உயரம் தராது. அந்த ஓட்டையை அடைப்பது கீழ்-பி இரண்டாவது, பக்கவாட்டில் பாயும் போலித்தாவல். ஒன்றைப் பிடுங்கி 1 போட்டால் மற்ற மூன்றும் ஆடிப்போகும். துப்பாக்கிக்காரரிடம் கீழ்-பி முதலாவது எதிரி எறிவதைத் திருப்பி அனுப்பும். மூன்றாவது உறிஞ்சிக்கொண்டு காயத்தை ஆற்றும், ஆனால் ஆற்றல் வகை எறிபொருளை மட்டும். சாமுஸ் என்ற கேரக்டரின் சார்ஜ் ஷாட்டை உறிஞ்சும், அவருடைய ஏவுகணையை உறிஞ்சாது. எதைக் கொடுத்து எதை வாங்குவது என்ற இந்தப் பேரம்தான் மீ ஆடுகிறவரின் திறமை. 1111 என்றால் கையைக் கட்டிவிட்டுச் சிலம்பம் சுற்றச் சொல்வதுதான். (வாள்காரரின் பக்க-பி மூன்றாவதன் பெயர் சக்ரம். அதற்கு மட்டும் நம் ஊரில் யாரும் விளக்கம் கேட்கவில்லை.)

உயரம், பருமன் பற்றிய பழைய புகாரை மூத்த உறுப்பினர்கள் எழுப்பினார்கள். 2014 ஆட்டத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். மீயைக் குட்டையாகவும் ஒல்லியாகவும் செய்தால் வேகம் கூடும். உயரமும் பருமனும் கூட்டினால் வேகம் குறைந்து வீச்சும் பலமும் ஏறும். முன்பின் தெரியாதவரோடு ஆடும் இணைய ஆட்டத்தில் அப்போது மீக்கு இடமே கிடையாது. அல்டிமேட்டில் இந்த அளவுகளைப் பூட்டிவிட்டார்கள்: கைச்சண்டைக்காரர் எடை 94, வாள்காரர் 100, துப்பாக்கிக்காரர் 104. எப்படி வரைந்தாலும் களத்தில் ஒரே உடம்பு. இணைய ஆட்டத்திலும் இப்போது தடை இல்லை. பழைய ஆட்டத்தில் பெரும்பாலான கேரக்டர்களுக்கு இருந்த மாற்று மூவ்களை எடுத்துவிட்டு மீக்கு மட்டும் விட்டுவைத்ததிலிருந்து, ஆட்டத்தைச் செய்தவர்கள் இதை மீயின் சொந்தக் குணமாகவே கருதினார்கள் என்று கொள்ளலாம்.

மற்ற ஆட்டங்களில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்தோம். 2019இல் வந்த ஜம்ப் ஃபோர்ஸில் நாம் செய்யும் ஆள், மற்ற நாயகர்களின் மூவ்களை எடுத்து மாட்டிக்கொள்வார். பார்க்க ஜோர், ஆனால் அது ஒட்டுப்போட்ட சட்டை. அதற்கென்று ஒரு ஆட்டமுறை கிடையாது. சோல்கலிபர் 6இல் நாம் செய்யும் ஆள் ஏற்கெனவே உள்ள ஒருவரின் சண்டைமுறையை எடுத்துக்கொள்வார். புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, 2023இல் வேறு வழி பிடித்தது. நாம் செய்யும் ஆளான அவதாரத்துக்குத் தனி உலகம், தனிச் சண்டை. தரவரிசை ஆட்டத்துக்குள் அது வர முடியாது. அங்கே அவதாரத்தின் பலம் ஏறிய லெவலையும் அணிந்த உடையையும் பொறுத்தது என்பதால் அந்த வேலி சரியே. மீக்கு லெவலும் கிடையாது, உடையால் பலமும் கிடையாது. ஆகவே அந்த வேலியை இங்கே நடக் காரணம் இல்லை.

கைதூக்கி எடுத்த தீர்மானம் இது. மூன்று மீக்களும் எந்த நான்கு எண்ணோடும் ஆடலாம். மீயின் பெயரே அந்த நான்கு எண்ணாக இருக்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பெயர் தெரிவதால் எதிரிக்கும் நடுவருக்கும் ஒரே பார்வையில் விளங்கும். விரும்பினால் எண்ணுக்குப் பின்னால் தன் அடையாள எழுத்தைச் சேர்க்கலாம், ஆனால் எண்தான் முதலில். எண்ணை மாற்றுவது கேரக்டரை மாற்றுவதாகவே கருதப்படும். முதல் ஆட்டத்துக்கு இருவரும் நடுவரிடம் தனித்தனியே சொல்வார்கள்; அடுத்த ஆட்டங்களில் ஸ்டேஜ் (சண்டைக்களம்) முடிவான பிறகு ஜெயித்தவர் முதலில் அறிவிப்பார், தோற்றவர் பிறகு. பெயரில் உள்ள எண்ணும் உள்ளே உள்ள மூவும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் அந்த ஆட்டம் தோல்வி. தெரியாமல் நடந்தது என்ற சமாதானம் எடுபடாது, ஏனெனில் சரிபார்க்க நேரம் கொடுக்கிறோம். மற்ற விதிகள் பழையபடியே: மூன்று உயிர், 7 நிமிடம், பொருட்களும் ஸ்டேஜ் இடையூறுகளும் அணைப்பு, ஆட்டத்தை இடைநிறுத்தும் வசதியும் அணைப்பு.

நடைமுறையில் இதுவரை கண்ட கோளாறுகளையும் பதிவு செய்கிறேன். ஒரு கன்சோலில் செய்த மீ பக்கத்துக் கன்சோலில் இருக்காது. மேசை மாறும்போதெல்லாம் புதிதாகச் செய்ய உட்கார்ந்தால் வரிசை முழுதும் நின்றுபோகும். எனவே கூடுகைக்கு முந்தைய நாளே எல்லாக் கன்சோல்களிலும் அடிக்கடி கேட்கப்படும் எண்களைச் செய்து வைக்கிறோம். முதலில் கன்சோலின் சிஸ்டம் செட்டிங்ஸில் மீ பகுதிக்குப் போய் ஒரு சாதா முகம் செய்ய வேண்டும். மூக்கு முழி திருத்திக்கொண்டு இருக்க வேண்டாம். பிறகு ஆட்டத்துக்குள் கேம்ஸ் அண்ட் மோர் வழியாக மீ ஃபைட்டர்ஸ் பகுதியைத் திறந்து வகை, முகம், நான்கு மூவ், பெயர் என்று முடிக்கலாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு மேல்-பியையும் கீழ்-பியையும் இடம் மாற்றிப் படிப்பது. 2332ஐ 2323 என்று செய்துவிட்டால் களத்தில் போலித்தாவலுக்கு அழுத்தும்போது எதிரியைப் பிடித்தெறியக் காத்து நிற்கும். கரையேற முடியாமல் உயிர் போன பிறகு சண்டை நடுவரோடுதான் நடக்கும். ஆகவே ஒருவர் செய்தால் மற்றவர் பயிற்சித் திரையில் நான்கையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கம்பியில்லா கண்ட்ரோலரை இணைத்து ஆடியவர், எழுந்து போகும்முன் மேலே உள்ள சிங்க் பொத்தானை அழுத்தித் துண்டிக்க வேண்டும். இல்லையேல் பையில் கிடக்கும் கண்ட்ரோலர் விழித்துக்கொண்டு அடுத்தவர் மேசையில் ஆளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும். டிவியைக் கேம் மோடில் வைத்தாக வேண்டும். படத்தை மெருகேற்றும் அமைப்புகள் ஒவ்வொன்றும் தாமதம் சேர்க்கும். நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் நான்கு படம் தள்ளிப்போனாலே ஷீல்டு பிந்திவிடும். மின்தடை வந்தால் கன்சோல் தன் சிறு திரையில் ஆட்டத்தைத் தொடரும், ஆனால் டிவி போய்விடும், கன்சோலை டிவியோடு இணைக்கும் டாக்கில் செருகிய கண்ட்ரோலர்களும் போய்விடும். மேசைக்கு ஒரு 600 விஏ யுபிஎஸ் இருந்தால் ஆட்டத்தை முடிக்கும் நேரம் கிடைக்கும். வரும் ஆண்டு பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கீடு கேட்டிருக்கிறோம். ஜிகர்தண்டா குடித்த கையோடு சங்கத்தின் கண்ட்ரோலரைத் தொடக் கூடாது என்பதை மீண்டும் ஒருமுறை எழுதவேண்டி வந்ததற்கு வருந்துகிறேன்.

துப்பாக்கிக்காரர் உறிஞ்சும் மூவோடு எல்லைக்கு ஓடிப்போய் நேரத்தைக் கடத்துகிறார் என்ற புகார் நிலுவையில் இருக்கிறது. அது மீக்கு மட்டும் உரிய குற்றமா, எறிபொருள் வைத்திருக்கும் எல்லாருக்கும் பொதுவானதா என்று செயற்குழு ஆராய்ந்து அடுத்த காலாண்டில் முடிவு சொல்லும். டெக்கன் 8 என்ற மற்றொரு சண்டை விளையாட்டுக்குத் தனி மேசை வேண்டும் என்ற கோரிக்கையும் வந்துள்ளது. இடம் போதாமையால் ஒத்திவைத்திருக்கிறோம்.

இவ்வறிக்கையையும் மேற்கண்ட தீர்மானத்தையும் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை