வலியில்லாமல் வந்து படுத்தவர்களுக்கு

முதலில் மன்னிப்பு. முதுகுவலி இல்லாதவர்களின் முதுகை எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேனில் அளக்கும் என் ஆய்வுக்காக, "அரை மணி நேரம்தான்" என்று சொல்லித்தான் உங்களை வேலூருக்கு வரவழைத்தேன். சித்திரை வெயிலில் காட்பாடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து, நோயாளிகள் வரிசை முடியும்வரை காத்திருந்தீர்கள். பாதிப் பேருக்கு வீடு திரும்ப ராத்திரி ஆகிவிட்டது.

வலி இருப்பவரை ஸ்கேனுக்கு நாம் கூப்பிடவே வேண்டாம், வலியே கூட்டி வந்துவிடும். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே டாக்டர், என்னை எதுக்கு?" என்று கேட்ட குடியாத்தம் பீடிக்கார அக்காவுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கீழ்முதுகில் கால் நரம்புகள் இறங்கும் எலும்புக் கால்வாய், முன்பின்னாக 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நெருக்கம். 10 முதல் 12 வரை என்றால் எல்லைக்கோடு. நெதர்லாந்து மருத்துவர் வெர்பீஸ்ட் வகுத்த கணக்கு இது. எம்.ஆர்.ஐ. புழக்கத்துக்கு வருமுன்னே, அறுவை மேசையில் நோயாளிகளின் முதுகைத் திறந்து அளந்தவர் அவர். நாலு எட்டு வைத்தால் கால் மரத்து, குனிந்து உட்கார்ந்தால் விட்டுப்போகும் ஆட்களின் அளவு அது. மரக்காத காலின் அளவு என்ன? அதற்கு நீங்கள்தான் வேண்டும் அக்கா.

தாலியைக் கழற்ற மனமில்லாமல் நின்ற அம்மாவிடம், விரலி மஞ்சளை மஞ்சள் கயிற்றில் முடிந்து எடுத்துவந்து நீட்டிய ஆயாம்மாவுக்கு நன்றி. நான் காந்தம், அதன் பலத்தை அளக்கும் டெஸ்லா என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் காரியத்தை முடித்தார். "உள்ளே ரைஸ் மில் ஓடுதுப்பா" என்று சிரித்தபடி வெளியே வந்த மார்க்கெட் மூட்டைக்கார அண்ணனுக்கும் நன்றி. அண்ணே, உங்கள் படத்தில் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, லேசாகப் பிதுங்கியிருப்பதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டீர்கள். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு டிஸ்க்காவது அப்படித்தான் இருந்தது. வலியில்லாதவரை யாரும் மறிக்கப்போவதில்லை, மூட்டையைத் தூக்குங்கள்.

டெக்னீஷியன் அக்காவுக்குத்தான் பெரிய கடன். முதல் மாதம் நான் அளந்ததெல்லாம் வீண். குறுக்குவெட்டுப் படங்களை டிஸ்க்கின் சாய்வுக்கு ஏற்ப எடுக்கச் சொல்லாமல் எல்லாவற்றையும் நேராக எடுக்க வைத்திருந்தேன். கீழே போகப் போக முதுகு வளைகிறது, கடைசி டிஸ்க்கோ நன்றாகவே சாய்ந்திருக்கும். "முருங்கைக்காயைச் சாய்ச்சு வெட்டினா வாய் நீளமாத்தானே தெரியும் டாக்டர்?" என்றார் அவர். கால்வாயும் அப்படித்தான் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் ஏறாதது அப்போது ஏறியது. மறுபடி வந்து படுக்கச் சொன்னபோது உங்களில் பலர் வந்தீர்கள். வர முடியாதவர்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை, கோபிக்க வேண்டாம்.

என் எண்களைப் பார்க்காமல் அத்தனை படங்களையும் தனியாக அளந்து, எங்கெங்கே முரண்படுகிறோம் என்று முகத்துக்கு நேரே காட்டிய சீனியருக்கும் நன்றி. காட்டியபோது அவ்வளவு நன்றியாக இல்லை.

அவரவர் சி.டி.யும் ரிப்போர்ட்டும் தயார், நேரில் வந்தால் தருகிறேன். இன்னொன்று: மேசை டிராயரில் ஒரு காகித உறைக்குள் ஒற்றை வெள்ளி மெட்டி கிடக்கிறது. சோப்பு போட்டுக் கழற்றியது, கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் விட்டுப்போயிருக்கிறீர்கள். ஜோடியைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.