கரின் பாபோ எங்கே போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஸ்வாந்தே பாபோ பற்றிய கட்டுரை படித்தேன். ஆதிமனிதர்களின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2022-இல் நோபல் வாங்கியவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்களே, அதற்கு நன்றி. ஆனால் "அப்பாவுக்கும் நோபல், மகனுக்கும் நோபல், புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்று முடித்திருந்தீர்கள். அங்கேதான் காபி கசந்துவிட்டது.

அந்தப் புலி வீட்டில் இருந்ததா சார்? 1982-இல் நோபல் பெற்ற அப்பா சூனே பெர்க்ஸ்ட்ரோமுக்கு வேறு குடும்பம் இருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் சனிக்கிழமைகளில் வந்து இந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். வளர்த்தது அம்மா கரின் பாபோ, எஸ்தோனியாவிலிருந்து அகதியாக ஸ்வீடன் வந்த வேதியியலாளர். 13 வயதுப் பையனை எகிப்துக்குக் கூட்டிப்போய் மம்மிப் பைத்தியம் பிடிக்க வைத்ததும் அந்த அம்மாதான். அந்தப் பைத்தியம் முற்றித்தான், ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது கடையில் கன்றுக்குட்டி ஈரல் வாங்கி, ஆய்வக அடுப்பில் காயப்போட்டு, காய்ந்த உடம்பில் டி.என்.ஏ. மிஞ்சுமா என்று பார்த்தார். அதுவும் பேராசிரியருக்குத் தெரியாமல், நாற்றத்தைச் சமாளித்துக்கொண்டு. இதில் எந்த இடத்தில் அப்பா வருகிறார்?

ஸ்வாந்தேயின் பெயரோடு ஒட்டியிருப்பதும் அம்மாவின் குடும்பப் பெயர்தான். அதைக் கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டுவிட்டு, உள்ளே அந்த அம்மாவுக்கு ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் 1997-இல் நியண்டர்தால் என்ற அழிந்துபோன ஆதிமனித இனத்தின் எலும்பிலிருந்து அவர் குழு முதலில் படித்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை. அது தாய்வழியில் மட்டுமே வருவது. ப்ளஸ் டூ பிள்ளை சொல்லும், உங்களுக்குத் தெரியாததா?

நான் பெரம்பூரில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள், மகளைத் தனியாக வளர்த்தவள். பள்ளியில் சேர்க்கப் போனால் அப்பா கையெழுத்து எங்கே என்பார்கள். இனிஷியலை என்ன செய்வது என்று குமாஸ்தாவுக்கு என்னைவிடக் கவலை. அவளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததும், அதுவரை எட்டிப்பார்க்காத நாத்தனார் வந்து "எங்க வம்சத்து மூளை" என்றார். சரி என்று காபி கொடுத்து அனுப்பினேன். பத்திரிகைக்குமா காபி கொடுக்க முடியும்?

ப்ளஸ் டூ முடிவு வரும்போதும் உங்களிடம் இதே கதைதான். "ஆட்டோ ஓட்டுநர் மகள் சாதனை" என்று தலைப்பு. லட்டு ஊட்டும் படத்துக்கு மட்டும் அம்மா வேண்டும்.

அப்புறம் கீழடி. பக்கத்துக் கொந்தகைப் புதைகுழிகளில் எலும்பு கிடைத்தால் டி.என்.ஏ. முடிவு நாளைக்கே வந்துவிடும் என்பதுபோல முதல் பக்கத்தில் எழுதுகிறீர்கள். நம் வெயிலில் எலும்புக்குள் டி.என்.ஏ. பிழைத்திருப்பதே அபூர்வம். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் சுமார் 60 எலும்பு மாதிரிகளைப் பார்த்ததில் ஒரே ஒரு பெண்ணுடையதுதான் தேறியது என்று 2019-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அப்போதே உங்களுக்கு எழுதினேன். என் கடிதத்துக்கு இடமில்லை, ராசிபலனுக்கு இருந்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, விளம்பரதாரர் மனம் நோகாத ஏதாவது ஒரு மூலையில், பாபோவை வளர்த்தவர் கரின் பாபோ என்று இரண்டு வரி போடுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் போட்டால் இன்னும் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.
(பெயர் வெளியிட வேண்டாம். நாத்தனாரும் உங்கள் வாசகிதான்.)