கேட்பதற்கு முன் ஒரு நன்றி

அன்பு மகளுக்கு,

உங்கள் தொண்டு நிறுவனத்தின் ஆண்டு இறுதி நிதி திரட்டலை இந்த முறை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. போனில் பேசியதில் பாதி விட்டுப்போயிற்று, அதனால் எழுதுகிறேன்.

புதிய ஆட்களை எப்படிப் பிடிப்பது என்றுதானே கேட்டாய்? அதை அப்புறம் பார்க்கலாம்மா. முதலில் போன வருடம் கொடுத்தவர்களின் பட்டியலை எடு. முன்பின் தெரியாதவரிடம் நம்பிக்கையை உண்டாக்கவே மாதக்கணக்காகும். இவர்கள் ஏற்கெனவே நம்பிக் கொடுத்தவர்கள். அவர்களில் இந்த வருடம் இன்னும் கொடுக்காதவர்களைத் தனியாகக் குறித்துக்கொள். அக்டோபரிலேயே அவர்களுக்கு ஒரு கடிதம் போகட்டும். அதில் பணம் கேட்கவே கூடாது. "நீங்கள் கொடுத்ததில் இரண்டு வகுப்பறைகளுக்குக் கூரை போட்டோம், இப்போது மழை நாளிலும் வகுப்பு நடக்கிறது" என்கிற மாதிரி, அவர்கள் பணம் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல். வருடம் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு டிசம்பரில் கை நீட்டுவது எனக்குப் பிடிப்பதே இல்லை. கொடுத்தவருக்கும் அது வலிக்கும்.

பெரிய தொகை கொடுத்தவர்களுக்குக் கடிதம் போதாது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஆளுக்குச் சிலரைப் பிரித்துக்கொண்டு போனில் பேச வேண்டும். கூச்சப்படுவார்கள், நீ விடாதே.

கோரிக்கைக் கடிதத்தில் எண்களாக அடுக்கியிருப்பதாகச் சொன்னாய். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள், பசியில் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்தபோது தொகை மறுபடியும் இறங்கிவிட்டது. அதனால் ஒரே ஒருவரின் கதையை எழுது, அவருடைய சம்மதத்தோடு, அவர் மானத்துக்குக் குறைவு வராமல். எண்கள் ஆண்டறிக்கையில் இருக்கட்டும். எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்.

நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ 'கிவிங் டியூஸ்டே', அதாவது நன்கொடை கொடுப்பதற்கென்றே வைத்திருக்கும் செவ்வாய்க்கிழமை, வரும். 2012-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த நாளை ஒரு ஆரம்பமாக வைத்துக்கொண்டால் போதும், முழு பலத்தையும் அதில் செலவழிக்காதே. வருடத்தின் கடைசி மூன்று நாட்களில்தான் நிறையப் பேர் கொடுப்பார்கள். அந்த நாட்களில் இணையதளத்தில் பணம் கட்டும் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே உன் போனிலேயே ஒரு சின்னத் தொகை கட்டிப் பார்.

உங்கள் நன்கொடையாளர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் அல்லவா? அமெரிக்காவில் இருப்பவருக்கு வரிக்கணக்கின் கடைசி நாள் டிசம்பர் 31. இந்தியாவில் மார்ச் 31, பிரிட்டனில் ஏப்ரல் 5. எல்லோருக்கும் "வரிச்சலுகைக்கு இன்றே கடைசி" என்று ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடாதே.

ரசீது உடனே போக வேண்டும். நன்றிக் கடிதம் தனி, அதற்கு ஜனவரி முதல் வாரத்தில் ஆளையும் நேரத்தையும் இப்போதே ஒதுக்கிவிடு. டிசம்பர் அலைச்சலுக்குப் பிறகு எல்லோரும் விடுப்பில் போய்விடுவார்கள்.

அக்டோபர் கடிதத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு. எத்தனை மணியானாலும் படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா