ட்ராம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

மான்செஸ்டரில் உன்னைக் கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளராக எடுத்த சந்தோஷத்தை அப்பாவும் நானும் தொலைபேசியில் சொல்லியாச்சு. வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அப்படிச் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

மான்செஸ்டரின் ட்ராம் வலையமைப்பான மெட்ரோலிங்கில் 99 தரிப்பிடங்கள், 147 வண்டிகள். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிஷம் பிந்துகிறது என்று உன் திரை சொல்லும். சாரதி கண் சொருகினாரா, பிரேக் பிடிக்கச் சக்கரம் வழுக்கியதா, வளைவில் வேகம் மிஞ்சியதா என்பது அதில் வராது. தெருவில் ஓடும் ட்ராம் கண்ணை நம்பி ஓடுவது. தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் போ என்பதுதான் அடிப்படை விதி. ஆகவே நீ அறிய வேண்டியதில் முக்கால்வாசி சாரதி வாய் திறந்து சொன்னால்தான் உனக்கு வந்து சேரும். அவர் சொல்லத் தயங்காத ஆளாக நீ இருக்கிறாயா என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பேன்.

லண்டனில், எங்கள் குரொய்டனில் 2016 நவம்பர் 9 விடிய ஆறு மணி கழிந்த கையோடு சாண்டிலாண்ட்ஸ் வளைவில் ட்ராம் கவிழ்ந்தது உனக்குத் தெரியும். ஏழு பேர் இறந்தார்கள், 62 பேர் காயப்பட்டார்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் எடுக்க வேண்டிய வளைவை வண்டி 73 இல் எடுத்தது. சாரதி சில கணங்கள் தன் நினைவிழந்திருக்கலாம், குறுநித்திரையாக இருக்கலாம் என்று ரயில் விபத்து விசாரணைக் கிளை சொன்னது. கைப்பிடியை விட்டால் வண்டியை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு அன்று உதவவில்லை. நினைவு தப்பினாலும் கை கைப்பிடியிலேயே அழுந்திக் கிடக்கலாம்.

விசாரணைக் கிளையின் அறிக்கையை முழுக்க வாசி, 2017 டிசம்பரில் வந்தது. அதில் உன் வேலைக்கு மிக நெருக்கமான இடம் வேறு. ஒன்பது நாளுக்கு முன், ஒக்டோபர் 31 இல், அதே வளைவில் இன்னொரு வண்டி 45 கிலோமீட்டர் வேகத்தில், கவிழும் எல்லையைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. பயணி ஒருவர் முறைப்பாடும் செய்திருந்தார். அந்தச் செய்தி தடுக்கக்கூடியவரிடம் உரிய நேரத்தில் போகவில்லை. தங்கள் பிழையைச் சொன்னால் நிர்வாகம் என்ன செய்யுமோ என்று சாரதிகள் தயங்கினார்கள் என்பதையும் விசாரணை கண்டது. 2023 இல் ஜூரி சாரதியைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. வலையமைப்புக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கு 10 மில்லியன் பவுண்டும் வண்டிகளை ஓட்டிய நிறுவனத்துக்கு 4 மில்லியன் பவுண்டும் தண்டம் விழுந்தது.

ஒரு கணக்குப் பார். சாதாரண முழு பிரேக்கில் ட்ராமின் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு 1.3 மீட்டர் வீதம் குறையும் என்று வை. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20 க்கு இறங்க ஏறத்தாழ 180 மீட்டர் வேண்டும். அன்று 20 என்ற பலகை வளைவின் வாயிலில்தான் இருந்தது. அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய முதலே பிரேக் தொடங்கியாக வேண்டும். சாரதி வழியை மனப்பாடமாக வைத்திருந்து, அந்தக் கணத்தில் முழு விழிப்போடும் இருந்தால்தான் சரிவரும். பிறகுதான் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பலகைகளும் எச்சரிக்கைக் குறிகளும் போட்டார்கள். சாரதியின் கண்ணைக் கமராவால் கவனித்து, கண் மூடினால் ஆசனத்தை அதிரவைக்கும் கருவி 2017 இல் வந்தது. உன் பாதைகளிலும் வேகம் ஒரேயடியாக விழும் இடங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். புதுச் சாரதிகளோடு முன் ஆசனத்தில் இருந்து பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

விடிய முதல் வண்டிகளை எடுக்க வருபவர்களைப் பற்றி இனிச் சொல்கிறேன். கையெழுத்து வைக்கும்போது அவர்களை நேரே பார். "சரியா?" என்று கேட்டால் எல்லோரும் "சரி" என்பார்கள். "எத்தனை மணிக்குப் படுத்தீங்கள், எத்தனை மணிக்கு எழும்பினீங்கள்?" என்று கேள். விடை சொல்லும் வேகத்திலும் கண்ணிலும் பாதி தெரிந்துவிடும். சளிக்கும் அலர்ஜிக்கும் கடையில் வாங்கும் குளிசைகளில் நித்திரை வரவைப்பவை உண்டு, அதையும் கேள். மது, போதைப்பொருள் விஷயத்தில் 1992 ஆம் ஆண்டுப் போக்குவரத்து, வேலைகள் சட்டம் (Transport and Works Act) ட்ராம் ஊழியருக்கும் பொருந்தும். சந்தேகம் வந்தால் தனியே கூப்பிட்டு விதிப்படி செய். பேச்சால் சமாளிக்கப் பார்க்காதே.

ஒருவர் "இன்றைக்கு ஏலாது, நித்திரை இல்லை" என்று சொன்னால், நன்றி சொல்லி வண்டியிலிருந்து எடு. வேறு சாரதி இல்லையென்றால் அந்த ஓட்டத்தை நிறுத்து. ஒரு ஓட்டம் நின்றால் முறைப்பாடு வரும், அதைத் தாங்கிக்கொள். பதிவில் "சுகவீனம்" என்று எழுதாதே, "களைப்பு" என்றே எழுது. பல இடங்களில் இந்த ஒரு சொல்லைத்தான் மறைக்கிறார்கள். எல்லாக் களைப்பும் சுகவீனமாகப் பதிவானால், எந்த வேலைமுறை ஆட்களை உருக்குகிறது என்று ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. பாதுகாப்போடு தொடர்பான வேலை செய்பவரின் களைப்பைக் கவனிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று 2006 ஆம் ஆண்டு ரயில் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் (ROGS) சொல்கின்றன. தொடர்ச்சியாக நாலாவது, ஐந்தாவது அதிகாலை வேலையையும், இரவு வேலை முடித்து உடனே அதிகாலைக்கு மாறுவதையும் கண்ணில் வை. சாண்டிலாண்ட்ஸில் வேலைமுறைதான் காரணம் என்று விசாரணை சொல்லவில்லை என்பதையும் கவனி. வேலைமுறை தாளில் சரியாக இருந்தாலும் சாரதிக்கு நித்திரை போதாமல் இருக்கலாம். அதனால்தான் ஆளைக் கேட்கச் சொல்கிறேன்.

ஒக்டோபர், நவம்பரில் இலைகள் விழத் தொடங்கும். நசிந்த இலையோடு தூறல் சேர்ந்தால் தண்டவாளம் சவர்க்காரம் பூசியதுபோலாகும். கடும் மழை கழுவிவிடும், மெல்லிய தூறலும் பனியும்தான் ஆபத்து. பிடிப்பு பாதியாகக் குறைந்தால், 50 கிலோமீட்டரிலிருந்து 75 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு 150 மீட்டர் வேண்டும். முதல் வண்டி வெளியே போக முன், சக்கரத்துக்குப் பிடிப்புத் தர மணல் தூவும் பெட்டிகள் நிரம்பியிருக்கின்றனவா, குழாயில் ஈரமணல் அடைத்திருக்கிறதா என்று கேள். தண்டவாளத்தைப் பிடிக்கும் காந்த பிரேக் சோதித்தாச்சா என்றும் கேள். ஒரு சாரதி "இங்கே வழுக்குது" என்றால், பின்னால் வருபவர்களுக்கு உடனே அறிவி. வழுக்கிப் பூட்டிய சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகும். அதன் தட்தட் சத்தத்தைச் சாரதி சொன்னால், பட்டறைக்கு அனுப்பும்வரை குறிப்பை மூடாதே.

நேரம் பிந்தும் விஷயத்தில் கோர்ன்புரூக் உனக்குத் தலையிடி தரும். ஓல்ட்ரிங்கம், எக்கிள்ஸ், விமான நிலையம், டிட்ஸ்பரி என்று பல பாதைகள் அங்கே ஒன்று சேர்ந்து நகருக்குள் போகின்றன. ஒன்று பிந்தினால் பின்னால் உள்ளது எல்லாம் பிந்தும். 12 நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால், 4 நிமிஷம் பிந்திய வண்டி 16 நிமிஷச் சனத்தை ஏற்ற வேண்டும். அடுத்தது 8 நிமிஷச் சனத்தோடு அதை நெருங்கிவரும். முதலாவது மேலும் பிந்தும், இரண்டாவது வெறுமையாக ஓடும். பிந்திய வண்டிக்கு முன்னால் போகும் வண்டியை வெள்ளெனவே ஓரிரு நிமிஷம் பிடித்துவைத்து இடைவெளியைச் சமமாக்கு. தேவையென்றால் பிந்திய வண்டியைக் கடைசித் தரிப்பிடத்துக்கு முன்னரே திருப்பு. ஆனால் சனம் ஏற முன் அறிவித்துவிடு. ஏறிய பிறகு இறக்கினால் அந்தக் கோபத்தைச் சாரதிதான் வாங்க வேண்டும். "நேரத்தைப் பிடியுங்கோ" என்று ரேடியோவில் ஒருபோதும் சொல்லாதே. கடைசித் தரிப்பிடத்தில் கிடைக்கும் ஐந்து நிமிஷம் சாரதி கழிப்பறைக்குப் போகும் நேரமும்தான். தொடர்ந்து பல ஓட்டங்களில் அதை வெட்டாதே.

தெருவிலுள்ள பாதை மாற்றிகளில் கல்லும் சேறும் போய் அடைக்கும். வழியைக் காட்டும் காட்டி ஒரு பக்கம் காட்ட, வண்டியைத் திருப்பும் தண்டவாள நாக்கு பாதியில் நின்றால், முன் சக்கரத் தொகுதி ஒரு பாதையிலும் பின் சக்கரத் தொகுதி இன்னொன்றிலும் போய் வண்டி தடம் புரண்டு நிற்கும். சாரதி "காட்டி சரியாகத் தெரியவில்லை" என்றால் நிற்கச் சொல். ஆள் இறங்கி நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கட்டும். அவசரப்படுத்தாதே.

விபத்து அழைப்பு வந்தால் வண்டி இலக்கம், கம்பத்தின் இலக்கம், திசை, காயம், பாதை அடைபட்டதா என்ற ஒழுங்கில் கேள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்து. இரு திசையிலும் வருகிற வண்டிகளை முதலில் நிறுத்து. பிறகு மின்சாரம். மேல்கம்பியில் 750 வோல்ட் நேர்மின்னோட்டம் ஓடுகிறது. கம்பி அறுந்தாலோ ஆள் தொட்டிருந்தாலோ உடனே வெட்டு. அறுந்து கிடக்கும் கம்பி, வெட்டியதை உறுதிசெய்யும்வரை உயிருள்ளதுதான். அப்படியில்லாத வேளையில், வெட்டினால் வேறு எந்த வண்டிகள் எங்கே முடங்கும் என்று ஒரு கணம் பார். தீயணைப்புப் படைக்கு "மின்சாரம் இல்லை" என்று சொல்ல முன் அதை எழுத்தில் உறுதிசெய். தடம் புரண்டாலோ பெரிய காயமென்றாலோ விசாரணைக் கிளைக்கு உடனே அறிவி. அவர்கள் சம்மதிக்கும்வரை வண்டியை அசைக்காதே. தரவுப் பதிவையும் கமராப் படத்தையும் பாதுகாத்து வை. சாண்டிலாண்ட்ஸில் வண்டியின் கமரா பதியாமல் இருந்தது, ஆகவே உன் வண்டிகளில் கமரா வேலை செய்கிறதா என்பதைச் சும்மா நாட்களிலேயே சோதிக்கச் சொல்.

சாரதி நிறுத்தச் சமிக்ஞையைத் தாண்டிவிட்டேன் என்று தானாகச் சொன்னால், "ஏன்?" என்று ரேடியோவில் கேட்காதே. வண்டி பாதுகாப்பாக நிற்கிறதா என்று கேட்டு, மாற்று ஆளை அனுப்பி, அவரை ஒருவரோடு இருக்கவை. தனியே விடாதே. விசாரணை ஆறுதலாக நடக்கட்டும். அவர் சொன்னதற்கு என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதை ஒரு கிழமைக்குள் நீயே போய் அவரிடம் சொல். விடை வராத இடத்தில் இரண்டாவது தடவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேலை மாறும்போது அடுத்தவருக்கு மூன்று விஷயம் வாயாலும் எழுத்தாலும் போக வேண்டும்: இன்னும் மூடாத பழுதுகள், வேகக் கட்டுப்பாடு போட்ட இடங்கள், இன்று கஷ்டப்பட்ட சாரதிகளின் பெயர். அவர் திருப்பிச் சொல்லும்வரை கதிரையை விட்டு எழும்பாதே. பத்து நிமிஷம் பிந்தி வீட்டுக்குப் போனால் பரவாயில்லை, சாப்பாட்டைச் சுடவைத்துச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா