ரஸாவைப் பற்றி அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஏலச் செய்தியோடு ஓவியர் எஸ்.எச். ரஸாவைப் பற்றிய குறிப்பைப் படித்தேன். 'பாரிஸில் சொகுசாக இருந்துகொண்டு ஒரே கறுப்பு வட்டத்தை வரைந்து வரைந்தே கோடீஸ்வரர் ஆனவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் நான். மனசு பொறுக்கவில்லை.

ரஸா 1950இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார். அந்த வட்டம், அவர் 'பிந்து' என்று சொன்னது, அவர் படங்களில் நிலைத்தது 1980 வாக்கில்தான். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. நடுவே பிரெஞ்சுக் கிராமங்களையும் தேவாலயங்களையும் வரைந்தார். அப்புறம் மெல்ல மெல்ல உருவங்கள் கரைந்து நிறங்கள் மட்டும் நின்றன. அவருடைய 'ஜெஸ்டேஷன்' ஓவியம் 51.75 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது 2023இல். அவர் 2016லேயே காலமாகிவிட்டார். அந்தக் கோடிகள் எப்படி அவருடையதாகும்? சகோதரர்கள் பாகிஸ்தான் போனபோதும் அவர் போகவில்லை. அறுபது வருடம் பிரான்சில் இருந்தும் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. கடைசியில் டெல்லி திரும்பி, மத்தியப் பிரதேசத்து மண்ட்லாவில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கமானார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். கேட்டால், "படம்தானே சார், அப்புறம் போட்டுக்கலாம்" என்பார்கள். கிடைத்த பீரியடில் பிள்ளைகளைக் காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, கோடு தெரியாமல் பென்சிலால் கறுப்பு நிரப்பச் சொல்வேன். நடுவில் பளபளப்பு ஏறிவிடும், ஓரம் சாம்பலாகவே நிற்கும். அதற்குப் பிறகு 'இதை யார் வேண்டுமானாலும் போடலாம்' என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.

ஏலம் நடந்தால்தான் உங்களுக்கு ஓவியர் ஞாபகம் வருகிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் சென்னையில் பயின்று, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, 1968இல் பாரிஸ் போய் அரூப ஓவியத்திலேயே ஊன்றி நின்றவர் விஸ்வநாதன். அவரைப் பற்றி எழுதுங்கள் என்று முன்பே கேட்டிருந்தேன். ஒரு வரி பதில்கூட வரவில்லை.

இந்த முறையும் நடுப்பக்கம் முழுக்க சினிமா வண்ணப் படம். ரஸாவின் சிவப்பையும் மஞ்சளையும் தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளையாக அச்சிட்டால் வாசகருக்குக் கறுப்பு வட்டம் மட்டும்தானே தெரியும்? அடுத்த இதழில் அதே படத்தை வண்ணத்தில் போடுங்கள். கால் பக்கம் போதும். கீழே வரைந்த வருடத்தையும் படத்தின் அளவையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்