இயற்கை ஆர்வலர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு 4 முறை கூடியது. பறவைக் கணக்கெடுப்பும், ஆடிப்பெருக்கை ஒட்டிய காவிரிப் படித்துறைத் துப்புரவும் வழக்கம்போல் நடந்தேறின.

ஆடி முதல் வாரத்தில் மலபார் குழிவிரியனைக் காணக் குடகுக்குச் சென்றது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. வயல் வரப்பில் கண்ணாடி விரியனோடு காலம் தள்ளும் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலைப் பாம்பு எதற்கு என்று பொதுக்குழுவிலேயே கேட்கப்பட்டது. நாம் படித்துறையில் கும்பிடும் காவிரி பிறக்கும் மலைக்காடுதான் அதற்கும் வீடு என்பதே அன்றும் இன்றும் என் பதில். பெயர் கொடுத்தவர்கள் 18 பேர். வேனில் ஏறியவர்கள் 7 பேர். குறுவை நடவைக் காரணம் சொன்னவர்களுள் இருவருக்கு ஒரு குழி நிலமும் கிடையாது என்பதைக் குறையாக அன்று, தகவலாகவே பதிவு செய்கிறேன்.

வந்தவர்கள் அட்டைக்கடியோடு பாம்பையும் கண்டார்கள். ஓடைக்கரைப் புதரில், பாசி படிந்த மரப்பட்டையின் நிறத்தில், தலையைக் கீழே தாழ்த்தியபடி இரவு 8 மணிக்குச் சுருண்டிருந்த அது, விடிந்த பிறகும் அதே கிளையில் இருந்தது. முதுகுச் செதில்களில் மழைத்துளிகள் மட்டும் கூடியிருந்தன. கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே இருட்டிலும் இரையின் உடற்சூட்டை உணரும் குழியை, எட்ட நின்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். எட்ட நின்றதற்குக் காரணம் உண்டு: நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எனச் செய்யப்படுவது, குழிவிரியன் அக்கணக்கில் சேராது. பச்சை, மஞ்சள், பழுப்பு எனப் பல நிறங்களில் காணப்படும் இப்பாம்பு முட்டையிடாமல் குட்டி ஈனுவது என்பதையும் வராதவர்களின் பொருட்டுக் குறிப்பிடுகிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. பேரேட்டில் இப்பயணம் 'மலைப்பாம்பு பார்த்த செலவு' என்று எழுதப்பட்டிருப்பதைத் திருத்தக் கோருகிறேன். மலைப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை.

கூட்டத்திற்கு இடமளித்தவர்களுக்கும் தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழிவிரியன் நன்றாகத் தென்படுவது மழைக்காலத்தில்தான் என்பதால், நடவுக்காகப் பயணத் தேதியை மாற்ற எந்தச் செயலாளராலும் இயலாது. 2 ஆண்டுச் சந்தா நிலுவை வைத்துள்ள 11 உறுப்பினர்கள் வைகாசிக்குள் செலுத்தினால், இம்முறை வேன் முன்பணத்தை என் கையிலிருந்து போட வேண்டியிராது.

இவண்,
செயலாளர்