உலகச் சுகாதாரம் படிக்க விமானம் ஏறணுமா? செம்பனைத் தோட்டம் போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் இரண்டு வாரம் தங்கி 'உலகச் சுகாதாரம்', அதாவது நாட்டு எல்லை தாண்டும் நோய்களையும் அவற்றின் காரணங்களையும் பற்றிய பாடம், கற்றுத் திரும்பினார்கள் என்று படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, கையில் பேனர், நடுவில் அந்த ஊர்க் குழந்தைகள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியாக (தாதியாக) இருந்து ஓய்வு பெற்றவள், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அலைந்து திரிந்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்க டிக்கெட் வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. போனால் அந்த ஊர் டாக்டர், மிஸ்ஸி கூப்பிட்டுப் போகட்டும், அவர்கள் சொல்கிற வேலையைச் செய்யட்டும். இங்கே தையல் போட விடாத மாணவனை அங்கே ஏழை உடம்பில் தையல் பழக விடுவது மட்டும் வேண்டாம். அது படிப்பே இல்லை.

இன்றைக்கு ஒரு தோட்டத்து லயத்தை, அதான் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, போய்ப் பாருங்கள். நம் ஆட்கள் பாதிக்கு மேல் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், இருப்பது இந்தோனேசியர், வங்காளதேசி, நேபாளி. அவர்கள் வெட்டுகிற செம்பனைக் குலை எண்ணெயாகி உலகத்துக்கே போகிறது. களை மருந்தோ வேறு நாட்டில் தயாராகி இங்கே வருகிறது. பெர்மிட், ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய கடன், ஊரில் விட்டுவந்த பிள்ளை என்று எல்லாம் ஒரே ஆளின் தலையில். காய்ச்சல் வந்தாலும் கிளினிக் பக்கம் வரப் பயம். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம், அது போக பெர்மிட் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் தகவல் கொடுக்க வேண்டும் என்று 2001இல் வந்த சுற்றறிக்கை வேறு. காசநோய் முற்றிய பிறகு ஒருவர் வருகிறார் என்றால், முதல் மூன்று மாதம் அவர் ஏன் வரவில்லை என்பதுதான் பாடம், அதை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது.

பாராகுவாட் என்ற களை மருந்தின் கதையையும் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் பொம்பளைகள், நம் தமிழ்ப் பொம்பளைகள். முதுகில் பம்பு, அது லேசாக ஒழுகும், சட்டை நனையும், அதே ஈரத்தோடு மதியம் வரைக்கும் வேலை. என்னிடம் வருவார்கள், விரல் நகம் வெளுத்து, சிலருக்குக் கழன்று, தோலெல்லாம் வெந்த மாதிரி, மூக்கில் ரத்தம். அப்போது பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் அப்படி ஒரு அம்மாவிடம் இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) இருக்கா, என்ன சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யாருக்காவது இருக்கா என்று அழகாகக் கேட்டார். வேலை என்ற இடத்தில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதிவிட்டுப் பூஞ்சை களிம்புக்குச் சீட்டு கொடுத்தார். தோட்டத் தொழிலாளி என்றால் பால் வெட்டா, குலை வெட்டா, உரம் போடுவதா, உதிரிப் பழம் பொறுக்குவதா, மருந்தடிப்பதா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வியாதி. பழம் பொறுக்குகிறவருக்குக் காய்ச்சல் என்றால் டெங்கியோடு எலி சிறுநீர் காய்ச்சலையும் நினைக்க வேண்டாமா? நோயாளியிடம் என்ன தொழில் என்று கேளுங்கள் என்று இத்தாலியில் ரமாசினி என்ற மருத்துவர் 1700லேயே எழுதி வைத்துவிட்டார். இன்னும் நம் படிவத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான்.

அந்த மருந்தை நம் அரசாங்கம் 2002இல் தடை செய்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. சுவிட்சர்லாந்தில் 1989லேயே தடை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் தடை. ஆனாலும் அந்தத் தடைகளுக்குப் பிறகும் ஐரோப்பாவில் தயாரித்து வெளியூருக்கு ஏற்றுமதி செய்வது மட்டும் நிற்கவில்லை. தங்கள் வயலுக்கு ஆகாதது நம் பொம்பளைகள் முதுகுக்கு ஆனதாம். இதை உலகச் சுகாதாரம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அப்புறம் நிப்பா வைரஸ் காய்ச்சல். இது நம் ஈப்போ பக்கம், 1998 கடைசியில் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், அதற்குள் நோய் தொற்றிய பன்றிகள் லாரி ஏறி நெகிரி செம்பிலான் போய்விட்டன. ஊசி போட்டவர்களே சாகிறார்களே, அந்த மூளைக்காய்ச்சல் என்றால் பிள்ளைகளைத்தானே முதலில் பிடிக்கும், இங்கே பண்ணையில் பன்றியைத் தொட்டு வேலை செய்கிற பெரியவர்களுக்கல்லவா வருகிறது என்ற சந்தேகம் வலுத்த பிறகுதான் 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைச் சுமந்த அதே வைரஸ் 2018இல் கேரளாவின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேரைக் கொன்றது, அதில் நோயாளியைக் கவனித்த லினி என்ற மிஸ்ஸியும் ஒருவர். மாணவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பழந்தின்னி வௌவால், தொழுவத்துக்குப் பக்கத்தில் நட்ட பழமரம், லாரி, சந்தை என்று ஒவ்வொன்றாக அவர்களே தேடிப் போகட்டும்.

நம் சாப்பாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஈயச் சுரங்கத்தில் சீனர்கள் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் கவனித்தது: அவர்கள் சாப்பிடுவது தீட்டிய வெள்ளை அரிசி, நம் ஆட்கள் சாப்பிடுவது புழுங்கலரிசி. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் ரோடு போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவாக்காரர்களைப் பிரித்து, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் புழுங்கல் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது, அரிசியை மாற்றினால் நோயும் பக்கம் மாறியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 சத்து அரிசிக்குள் இறங்குவதுதான் காரணம். உலக மருத்துவத்துக்கே போய்ச் சேர்ந்த விஷயம் இது. அந்த 300 பேரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்பதையும் அதே வகுப்பில் பேசலாம், பேச வேண்டும்.

இங்கேயும் மாணவர்கள் வராமல் இல்லை, வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் முகாம், விரலில் குத்தி இனிப்புநீர் பார்ப்பது, 'சோற்றைக் குறைங்க பாட்டி' என்று ஒரு அட்வைஸ், ஒரு பை மைலோ, ஒரு குரூப் போட்டோ, முடிந்தது. 2019 தேசிய ஆய்வுப்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதிலும் இந்தியர்களுக்குத்தான் அதிகம், ஆகவே குத்திப் பார்க்காமலே பாதி சொல்லிவிடலாம். தெரிந்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. குலைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர் மருந்து எடுக்க டவுனுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு தனி. இதைத் தெரியாத டாக்டர் 'மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று கார்டில் எழுதுவார்.

அதனால் கல்லூரிகளுக்கு நான் சொல்வது, ஒரு நாள் முகாமை விட்டுவிட்டு நாலு வாரமாவது ஒரே தோட்டத்தில் விடுங்கள், அடுத்த வருஷமும் அதே தோட்டத்துக்கே அனுப்புங்கள். டாக்டருக்குப் படிப்பவர் மட்டும் போதாது. தாதி, பார்மசி, உதவி மருத்துவ அதிகாரிக்குப் படிக்கும் பிள்ளைகளும் ஒன்றாக வரட்டும், நாளைக்கு ஒரே கிளினிக்கில்தானே குப்பை கொட்டப் போகிறார்கள். தோட்டத்து டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவர்கள், மருந்தடித்துப் பழகிய அம்மாக்கள், நாலு வார்த்தை தமிழும் மலாயும் பேசுகிற வங்காளதேசித் தொழிலாளர் எல்லாரையும் கூப்பிட்டுப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். சும்மா வேண்டாம், வெளியூர் பேராசிரியருக்குக் கொடுப்பது மாதிரி சம்பளம் கொடுங்கள். பரீட்சையிலும் கேளுங்கள், கேட்காததை எந்தப் பிள்ளை படிக்கும்? கண்டுபிடித்ததை ஒரு பக்கத்தில் எழுதி, நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, லயத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், தொழிலாளியின் பெயரும் பெர்மிட் விவரமும் வெளியே போகக் கூடாது என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் வேண்டாம், தைப்பூச வாரத்திலும் வேண்டாம். இன்னொன்று, பெரட்டு, அதான் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது, விடியற்காலையில் முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு ஏர்கோன் பஸ்ஸில் வந்து இறங்கினால் லயத்தில் நாயும் கோழியும்தான் இருக்கும், ஆகவே முதல் நாள் ராத்திரியே டவுனுக்கு வந்து தங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்